மன்சி என்றால் எந்த மன்சி?

அன்புள்ள கதிர்,

உன் 1971 செவர்லே சி10 படங்கள் வந்தன. கேபின் மூலைகளில் துரு அதிகமில்லை, சேஸிஸும் நேராகத்தான் தெரிகிறது. கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் சின்க்ரோ வளையங்களும் பேரிங் செட்டும் இன்றைக்கே ஆர்டர் போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடு. "மன்சி ஃபோர் ஸ்பீடு, கம்பெனியில் வந்ததேதான்" என்று விற்றவர் சொன்ன வாய்வார்த்தையைத் தவிர உன்னிடம் வேறு என்ன ஆதாரம்? ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி அது. எத்தனை கை மாறியதோ, எத்தனை பேர் கீழே படுத்து எதைக் கழற்றினார்களோ!

மன்சி என்பது இந்தியானா மாநிலத்தில் ஓர் ஊர். ஜெனரல் மோட்டார்ஸின் கியர்பாக்ஸ் ஆலை அங்கே இருந்தது. வார்னர் கியர் கம்பெனிக்கும் அதே ஊர்தான். கார்வெட், செவெல் மாதிரி கார்களில் வந்த அலுமினிய ஃபோர் ஸ்பீடையும் ஆட்கள் மன்சி என்பார்கள். பிக்கப்பில் வந்த எஸ்எம்465 என்ற வார்ப்பிரும்புப் பெட்டியையும் மன்சி என்பார்கள். ஒன்றின் சாமான் மற்றதற்கு ஆகாது. டேஷ்போர்டு பெட்டி மூடியில் ஒட்டிய சீட்டில் எம்20 என்று இருப்பதால் சந்தேகமே இல்லை என்கிறாய். கார் பட்டியலில் எம்20 என்றால் அலுமினிய மன்சி, டிரக் பட்டியலில் எம்20 என்றால் எஸ்எம்465. அதுவும் போகட்டும், ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் என்ன இருந்தது என்பதைத்தான் அந்தச் சீட்டு சொல்லும்.

ஆகவே கீழே போய்ப் பார். கியர் ராடு பெட்டியின் மேல்மூடியிலிருந்து நேரே எழும்பி வந்தால் டிரக் பெட்டி. டிரைவர் பக்கம் ஒரு மூடியும், அதில் லீவர்களும் கம்பிகளும் இருந்தால் கார் வகை. கார் வகையானால் அந்த மூடியின் போல்ட்டுகளை எண்ணு. 9 இருந்தால் போர்க்‌வார்னர் டி10. 7 இருந்தால் மன்சியாகவும் இருக்கலாம், சாகினா என்ற இன்னொரு பெட்டியாகவும் இருக்கலாம். ரிவர்ஸ் லீவர் பின்வால் பகுதியில் தனியாக இருந்தால் மன்சி, மூன்று லீவரும் மூடியிலேயே இருந்தால் சாகினா. எஸ்எம்465-இன் விலாவிலும் 6 போல்ட் போட்ட ஒரு தகடு இருக்கும். அது பிடிஓ தகடு, வேறு கருவிகளை ஓட்டப் பெட்டியிலிருந்து விசை எடுக்கும் இடம். அதைப் பார்த்துக் குழம்பாதே.

மேலிருந்து ராடு வருகிறதென்றால் கண் மட்டும் போதாது, கணக்குப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை இதுதான். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை போடு. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. பேட்டரி வயரைக் கழற்று, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடு, இல்லாவிட்டால் கை வலிக்கும். ஹேண்ட்பிரேக்கை விட்டு ஃபர்ஸ்ட் கியரில் போடு. புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, கிராங்க் புல்லியில் ஒரு கோடு. நீ ஸ்பேனரால் புல்லியைச் சுற்று, ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று வரும் வரை இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். கார் பெட்டியானால் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றில் வந்துவிடும். ஆறரை ஆனால் டிரக் பெட்டி: எஸ்எம்465-இன் ஃபர்ஸ்ட் கியர் 6.55. அதற்கு முந்திய எஸ்எம்420-இல் 7.05, ஃபோர்டிலும் டாட்ஜிலும் வந்த என்பி435-இல் 6.69. ஒரு சுற்றை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஷாஃப்டைப் பத்துச் சுற்று வரவிடு. 65.5, 67, 70.5 என்று விலகித் தெரியும். 65.5-க்கும் 67-க்கும் நடுவே நின்றால் என்ன செய்வது? கம்பி பிரஷ்ஷால் கிரீஸைச் சுரண்டிவிட்டு வார்ப்பு எழுத்தைப் படி. எஸ்எம்420 என்று தெரியவந்தால் பெட்டி மாற்றப்பட்டதுதான்; 1967-க்குப் பிறகு அது வரவில்லை, 1968 முதல் 1991 வரை எஸ்எம்465-இன் காலம்.

எஸ்எம்465 என்றே தெரிந்தாலும் அது இந்த வண்டியோடு பிறந்தது என்று ஆகிவிடாது. பிரேக் பெடலைப் பார். ஆட்டோமேட்டிக் வண்டியின் பெடல் அகலமானது. அதை அறுத்துக் கிளட்சுக்கு இடம் விட்டிருந்தால் ஓரம் சொரசொரவென்றிருக்கும். பழைய அம்பாசடரில் இருந்த மாதிரி ஸ்டியரிங் பக்கத்துக் கியருக்கான அடையாளம் தண்டில் மிச்சமிருக்கிறதா? தரைத்தகட்டின் ஓட்டை கம்பெனி வெட்டா, கட்டிங் வீல் வெட்டா? கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு அருகே சும்மா கிடக்கும் போல்ட் ஓட்டைகள் உண்டா? எனக்கு இந்த ஓட்டைகள்மேல்தான் நம்பிக்கை அதிகம். பெயின்ட் அடித்து விற்பவர்கள் அவற்றை அடைக்க மறந்துவிடுவார்கள்.

மாற்றிய பெட்டி என்று தெரிந்தால் வருத்தப்படாதே. எஸ்எம்465 எளிதில் சாகாது. ஃபர்ஸ்டில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும், அதற்குச் சின்க்ரோவும் கிடையாது; சரக்கில்லாமல் இருக்கும்போது செகண்டிலேயே எடு. எடை ஏறக்குறைய 80 கிலோ, தனியாக இறக்க முயலாதே. பெயர் தெரியாமல் ஆயிலும் ஊற்றாதே. பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் பழைய பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். இந்தப் பெட்டிகளுக்கு ஜிஎல்-4 நல்லது. யாராவது பின்னாளைய டி5 ஃபைவ் ஸ்பீடை மாட்டியிருந்தால் கதையே வேறு, அதில் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் ஆயில்தான்.

ஆயில் மாற்றும்போது ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றிப் பார். அது இறுகிப்போய் அசையாவிட்டால் கீழே உள்ள வடிகால் பிளக்கைத் தொடவே தொடாதே. முழுக்க வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் நிற்பாய். போல்ட் எண்ணிக்கையும் வார்ப்பு எழுத்தும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பாகங்களின் பட்டியலைச் சேர்ந்து போடலாம்.

அன்புடன்,
மாமா