பழைய வெறி திரும்புமா?

கல்லூரி நாட்களில் விடிய விடிய நாவல் படித்தவள் நான். இப்போது 46 வயது. ஆசையாக ‘விஷ்ணுபுரம்’ வாங்கினேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. பழைய வெறி திரும்புமா?
– வாசகி, தஞ்சாவூர்

திரும்பும். ஆனால், இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே மலையேறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். ‘விஷ்ணுபுரம்’ எழுதிய ஜெயமோகன் கோபித்துக்கொள்ள மாட்டார்; புத்தகத்தை அலமாரியில் வையுங்கள்.

அன்று உங்களைத் தூங்கவிடாத நாவலையே மறுபடி எடுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ என்றால் இன்னும் நல்லது. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகைத் தொடராக வந்தது அது. அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிட வேண்டும் என்றே அத்தியாயங்களை முடித்திருப்பார் கல்கி. அந்தத் தந்திரம் இன்றும் வேலை செய்கிறது. இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும். இரண்டாவதை நீங்களே திருட்டுத்தனமாகப் படிப்பீர்கள்!

கதை தெரிந்ததுதானே என்று சலித்தால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’, அல்லது அசோகமித்திரன் சிறுகதைகள். ஒரே மூச்சில் ஒரு கதை முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடுங்கள், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுங்கள். திருப்பித் தரும் தேதி ஒன்று இருந்தால் கை தானாகப் பக்கம் புரட்டும். படிக்கும் நேரத்தில் செல்போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும்.