வாடகையும் வருமானமும்: எங்கள் வீட்டுக் கணக்கு



சர்வே பிராக்டிகலில் ஒரு கோட்டை இரண்டு தடவை அளக்கச் சொல்வார்கள். சென்னையில் வாடகையையும் இரண்டு தடவை அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் அந்தக் குடும்பத்தால் தாங்க முடியும் என்பது பொதுவான கணக்கு. இது அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளுக்கு வைத்த அளவு. 1969-ல் 25 சதவீதம் என்று வைத்து, 1981-ல் 30 ஆக உயர்த்தினார்கள். அதை நம் ஊருக்கும் அப்படியே போடுகிறோம்.

நாங்கள் இருப்பது வியாசர்பாடியில். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மூணு குடித்தனத்துக்கு ஒரே பாத்ரூம். அப்பா பெயிண்டர். கூலி 800 ரூபாய், மாதம் 20 நாள் வேலை இருந்தால் 16,000. அம்மா வீட்டு வேலை செய்து 4,000 கொண்டு வருவார். மொத்தம் 20,000. வாடகை 6,000. சரியாக 30 சதவீதம்! புத்தகத்தின்படி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இனி இரண்டாவது தடவை அளப்போம்.

கரண்ட் கனெக்ஷன் வீட்டுக்காரர் பேரில். எங்களுக்கு சப் மீட்டர்தான், யூனிட் 8 ரூபாய். மாதம் 60 யூனிட்டுக்கு 480. 2016-ல் அரசு அறிவித்த 100 யூனிட் இலவசம் எங்கள் சப் மீட்டர் வரை வரவில்லை. தண்ணி மோட்டாருக்கு 200.

பெரிய செலவு அட்வான்ஸ். 2022-ல் குடி வந்தபோது வாடகை 5,000. பத்து மாத அட்வான்ஸ் 50,000 கேட்டார்கள். அப்பா மூணு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். மாதம் 1,500 வட்டி போகிறது, அசல் அப்படியே இருக்கிறது. இதை யாரும் வாடகை என்று சொல்வதில்லை. ஆனால் அந்த வீட்டில் இருப்பதற்காகத்தானே கட்டுகிறோம்?

எல்லாம் கூட்டினால் 8,180. அதாவது 41 சதவீதம்.

அதுவும் நல்ல மாதத்தில்தான். போன ஐப்பசி மழையில் அப்பாவுக்கு 8 நாள்தான் வேலை. வருமானம் 10,400. வாடகைக்கு மழை தெரியுமா? அதே 8,180 கட்டினோம். மீதி 2,220-ல் நாலு பேர் சாப்பிட்டோம். ரேஷன் அரிசி இருந்ததால் தப்பித்தோம். வெயிலும் மழையும் சேர்த்துச் சராசரி போட்டால் இந்த மாதம் கணக்கில் காணாமல் போய்விடும்.

செங்குன்றம் பக்கம் வாடகை குறைவுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்பா காலை ஏழு மணிக்கு முனையில் நின்றால்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள். அம்மா வேலை செய்யும் வீடுகளும் இங்கேதான்.

பழைய 1960 வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் மூணு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்றும் இருக்கிறது. வீடு தேடி அலைகிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

மூணு மாதம் என்றால் எங்களுக்கு 15,000-தான். வட்டி 450. மாதம் 1,050 மிச்சம்.

இதை நோட்டில் எழுதிக் காட்டியபோது அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எனக்கு யாரும் சொல்லலியேப்பா" என்றார். தை மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போடும் முன்னால் நான் ஒரு தடவை முழுசாகப் படித்துக் காட்டப் போகிறேன்.