காயம் ஆறிடுச்சு, கை ஏன் நீளலை?

என் வலது முழங்கையைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்காதவர்கள் நம் வகுப்பில் குறைவு. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, சோறு வடிக்கையில் கொதிகஞ்சி முழங்கையின் உட்பக்கம் கொட்டிவிட்டது. மடக்கி வைத்தால் வலி தெரியாது. "அசைக்காத கண்ணு, ஆறட்டும்" என்றார் அப்பாயி. அப்படியே வைத்திருந்தேன். புண் ஆறியது. கை நீளவில்லை! கரும்பலகையின் மேல்வரி எட்டவில்லை.

செய்து பாருங்கள்: கையைப் பாதி மடக்கி, முழங்கையின் உட்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். இப்போது கையை நீட்டுங்கள். வட்டம் நீள்வட்டம் ஆகிறதா? மூட்டு அசையும்போது தோலும் அவ்வளவு நீள வேண்டியிருக்கிறது.

அசையாதபோதும் தோல் இழுபட்டுத்தான் இருக்கும். வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூறு அறிஞர் இறந்தவர்களின் தோலில் வட்டத் துளைகள் போட்டார். அவை நீள்வட்டமாக மாறின. துளைகள் நீண்ட திசைகளை இணைத்து 1861இல் வரைபடம் வெளியிட்டார். அவைதான் 'லாங்கர் கோடுகள்'. தோலின் இழுவிசை போகும் திசையிலேயே வெட்டினால் தழும்பு மெல்லியதாக இருக்கும். அதனால் அறுவை மருத்துவர்கள் திசை பார்த்து வெட்டுவார்கள். தீயும் கஞ்சியும் திசை பார்க்குமா?

ஆழமாக வெந்த இடத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் குவிகிறது. அங்குள்ள சில செல்கள் தசை மாதிரி சுருங்கி, புண்ணின் ஓரங்களை உள்ளே இழுக்கும். புண் மூட அது உதவி. ஆனால் மூட்டின் மேல் நடந்தால், மூட்டையே மடக்கிவிடும். புண் மூடிய பிறகும் இது மாதக்கணக்கில் தொடரும். தழும்பு முதிர ஒன்று முதல் இரண்டு வருஷம்கூட ஆகலாம்.

எனக்குப் பயிற்சி கொடுத்த அக்கா சொன்னது: "வலிக்காத நிலைதான் கை மடங்கிப்போற நிலை." இரவில் கையை நீட்டி வைக்க அச்சுப்பட்டை கட்டினார். பகலில் எண்ணெய் தடவி, மெதுவாக நீட்டி, முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தழும்பு கிழிந்து இன்னும் தடிக்கும். அழுதுகொண்டேதான் செய்தேன்.

நினைவில் கொள்க:
1. சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, மாவு, பற்பசை வேண்டாம்.
2. மூட்டில் பட்டால் "எப்போதிருந்து அசைக்கலாம்?" என்று முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள்.
3. தோல் ஒட்டு வைத்தவர்கள் மருத்துவர் சொல்லும்வரை அசைக்கக் கூடாது.

இந்தத் தாளின் தலைப்பைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் எழுதினேன். ஸ்டூல் போடவில்லை!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி