நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையா, இயற்கை வைத்தியமா?

ஹைதராபாத்தின் பேகம்பேட்டிலிருந்து லிங்கம்பள்ளி செல்லும் எம்எம்டிஎஸ் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனின் பெயரே ‘நேச்சர் க்யூர் ஹாஸ்பிடல்’. அங்குள்ள அரசு இயற்கை மருத்துவமனையின் பெயரைத்தான் ஸ்டேஷனுக்கு வைத்திருக்கிறார்கள். பேகம்பேட்டை ஒட்டிய சோமாஜிகூடாவிலோ, இரைப்பை குடல் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி. நெஞ்செரிச்சல்காரர்கள் பலர், இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று நம்புகிறார்கள். முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய நம்பிக்கை அதுதான். சாப்பாட்டு நேரம், உடல் எடை, படுக்கை, மூச்சு, தேவைப்பட்டால் மாத்திரை எல்லாம் சேர்ந்ததுதான் முழுமையான சிகிச்சை.

“எனக்கு ஆசிட் அதிகம் சுரக்கிறது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அமிலம் வழக்கமான அளவில்தான் சுரக்கிறது. கோளாறு, அது மேலே ஏறி வருவதில். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ, தொப்பையின் அழுத்தம் கீழிருந்து தள்ளினாலோ, அமிலம் எதுக்களித்து வந்து உணவுக்குழாயைச் சுடுகிறது. இரைப்பைக்கு இருக்கும் தடித்த பாதுகாப்புப் படலம் உணவுக்குழாய்க்குக் கிடையாது.

இதைப் புரிந்துகொண்டால் பல கைவைத்தியங்களின் பலமும் பலவீனமும் தானே விளங்கிவிடும். படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பால் குடித்தால் எரிச்சல் அடங்குகிறது, உண்மை. ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டுவதால் சிறிது நேரத்தில் திரும்பவும் எரியும். நிறைந்த வயிற்றோடு படுத்தால் இன்னும் மோசம். சோடா உப்புக் கலவையும் அமிலத்தை உடனே தணிக்கிறது. அப்போது உண்டாகும் வாயு வயிற்றை உப்பவைக்கிறது, ஏப்பத்தோடு அந்தத் தசையும் திறக்கிறது. சோடா உப்பில் சோடியமும் அதிகம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளவே கூடாது. ஆப்பிள் சைடர் வினிகருக்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் இன்னொரு அமிலத்தை ஊற்றுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மிளகாயின் மேல் போடும் பழியில் பாதிதான் நியாயம். அல்சருக்குக் காரணம் காரம் அல்ல. பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும், வலி மாத்திரைகளும்தான். அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நெஞ்செரிச்சல் வேறு கதை. அதில் காரம் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரானி சாயா, மிர்ச்சி பஜ்ஜியா, ஆவக்காயா எது தூண்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். குற்றவாளியை மட்டும் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தயிர்சாதத்தில் வாழ வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் என்னை அதிகம் கவலைப்படவைப்பது பிரியாணியின் காரம் அல்ல, அதைச் சாப்பிடும் நேரம். இரவு 11 மணிக்கு நெய்யும் கறியுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு 11.30-க்குப் படுத்தால் எந்த வைத்தியமும் தோற்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் வேண்டும்.

“தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறேன்” என்பார்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறு இன்னும் நசுங்கும். உயர வேண்டியது கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். கால் நழுவாமல் இருக்கக் கட்டையில் சிறு குழி வெட்டித்தரச் சொன்னால் தச்சர் செய்துகொடுப்பார். பிறகு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை கீழாகவும் உணவுக்குழாய் வாய் மேலாகவும் இருப்பதால், ஏறிய அமிலமும் சீக்கிரம் வடிந்துவிடும். பருமனானவர்கள் எடை குறைப்பதும் இதற்கு இணையாகப் பலன் தரும். இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவையும் பெல்ட்டையும் தளர்த்துவதற்குச் செலவே இல்லை.

யோகா செய்தால் சரியாகிவிடுமா? எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. வளையத் தசையைச் சுற்றி உதரவிதானம் இருக்கிறது. அதைப் பலப்படுத்தும் வயிற்று மூச்சுக்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், 4 வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது. 20 பேருக்கும் குறைவானவர்களைக் கொண்ட சிறிய ஆய்வுதான், ஆனால் செய்துபார்க்க ஒரு கெடுதலும் இல்லை. மல்லாந்து படுத்து ஒரு கையை நெஞ்சிலும் மறுகையை வயிற்றிலும் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. வெறும் வயிற்றில் செய்யுங்கள். சிரசாசனமும் குனிந்து செய்யும் ஆசனங்களும் எதுக்களிப்பைக் கூட்டும். “பித்தத்தை வெளியேற்ற” உப்புத் தண்ணீர் குடித்து வாந்தியெடுக்கும் வமன தௌதியை நெஞ்செரிச்சல்காரர்கள் தவிர்ப்பது நல்லது. வெளிவரும் அமிலம் உணவுக்குழாயையும் பல்லையும் அரிக்கும். மூலிகை என்பதாலேயே ஒன்று பத்திரமாகிவிடாது. சீரகத் தண்ணீர் சாதுவானது. அதிமதுரத்தை நீண்டநாள் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள். பிரியாணிக்கு முன்னால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் பாண்டோபிரசோல் ஒன்று போட்டுக்கொண்டால் போதும் என்பது ஒன்று. அது அப்படி வேலை செய்யாது. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, சில நாள் தொடர்ந்து எடுத்தால்தான் முழுப் பலன். அது சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்பது மற்றது. 17,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு 2019-இல் வெளியான ஆய்வில், சுமார் 3 ஆண்டுகள் பாண்டோபிரசோல் எடுத்தவர்களிடம் தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றுதான். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன காலம்வரை எடுங்கள். நீண்டநாள் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கலாம். அவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம், ரத்த வாந்தி இருந்தால் கைவைத்தியத்தில் ஒருநாளும் கழிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உயிரைப் பறிக்கும் நம்பிக்கை ஒன்று பாக்கி: “இது வெறும் கேஸ்.” மாரடைப்பும் நடுநெஞ்சில் எரிச்சலாக, அடைப்பாக, ஏப்பமாகத் தொடங்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவில்லாமல் வருவதுண்டு. வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் இறுக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை இன்று தமிழ்நாட்டிலும் இருக்கிறது. உடனே அழையுங்கள். இசிஜியும் தேவையான மற்ற பரிசோதனைகளும் முடிந்து கேஸ்தான் என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.