கொக்கின் கண்ணில் ஃபோகஸ்!



கல்யாண போட்டோ எடுக்கும் என் பெரியப்பா மகனிடம் கெஞ்சி, ஒரே ஒரு நாளைக்குக் கேமராவும் 300 எம்.எம். லென்ஸும் வாங்கிக்கொண்டு, ஜனவரி மாதம் வேடந்தாங்கல் போனேன். 200 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், கொக்கு ஒவ்வொன்றும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஒரு இறகுகூடத் தெரியவில்லை.

அண்ணன் சிரித்துவிட்டு, "மீட்டர் மேல தப்பில்லடா, அதைப் படிக்கத் தெரியாத உன் மேலதான் தப்பு" என்றார். எலக்ட்ரிக்கல் படிக்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? அவர் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. வெளிச்சம்: கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். கரும்பச்சை மரத்தின் முன் சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், மரத்தை வெளிச்சமாக்கப் பார்த்து, கொக்கை வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -1 வையுங்கள். வெளிறிய வானத்தின் முன் கறுப்பு நீர்க்காகம் என்றால் நேர்மாறு, +1. ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், இறகு தெரிகிறதா?

2. வேகம்: 300 எம்.எம். லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் 1/500-க்குக் குறையக் கூடாது. பறக்கும் பறவைக்கு 1/1600 வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தைச் சகித்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தை என்ன செய்வது?

3. கண்: ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கண்ணில் வையுங்கள். கால் மங்கினாலும் படம் பிழைக்கும். கண் மங்கினால் போச்சு. எஃப்/5.6 வைத்தால் பின்னணி தானாக மங்கும்.

4. அமைப்பு: நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுக்காதீர்கள். உட்கார்ந்து, பறவையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். அது பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள். காலை வெயில் உங்கள் முதுகில் விழட்டும்.

இன்னொன்று. கொக்கு பறக்கட்டும் என்று கூடவந்த நண்பன் கைதட்டினான். கூட்டிலிருந்த தாய்கள் எழுந்து போயின; குஞ்சுகள் வெயிலில் கிடந்தன. அந்தப் படங்களை நானே அழித்துவிட்டேன். படத்துக்காகப் பறவையைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அடுத்த மாதம் மறுபடி போனேன். 40 படம்தான் எடுத்தேன். ஒன்றில் கழுத்து இறகு இழை இழையாக விழுந்திருந்தது. அது இப்போது அண்ணன் ஸ்டூடியோ சுவரில் தொங்குகிறது. கேமரா கேட்டால் இப்போதெல்லாம் அவர் முகம் சுளிப்பதில்லை!