பட்டியல் போட்டுப் பயணம் போவோம்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சுரங்க வேலைக்காக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

முனுசாமியும் அப்படித்தான் போய் வருகிறார். அவர் மனைவி லட்சுமி. எழுதப் படிக்க அண்மையில்தான் கற்றுக்கொண்டார். மகள் ரேவதி, மகன் குமார், முனுசாமியின் தாய் கன்னியம்மா ஆகியோரும் வீட்டில் இருக்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர்.

தசரா விடுமுறை வந்தது. கன்னியாகுமரிக்குப் போய் மூன்று நாள் தங்குவது என்று முடிவு செய்தார்கள்.

"சமையல் அறையோடு ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்கிறது. நாமே சமைத்துக்கொள்ளலாம்" என்றார் முனுசாமி.

அதற்குக் காரணம் இருந்தது. ஐந்து பேர் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் செலவு அதிகம். கன்னியம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர் உப்பைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். ஓட்டல் சாப்பாட்டில் உப்பின் அளவு நம் கையில் இல்லை.

முதலில் கேட்க வேண்டும்

லட்சுமி மூட்டை கட்டத் தொடங்கவில்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்தார்.

"என்னங்க, அந்த வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க. அங்கே என்னென்ன இருக்குன்னு கேளுங்க. நான் எழுதிக்கிறேன்" என்றார்.

முனுசாமி கேட்டார். லட்சுமி எழுதினார்.

கேஸ் அடுப்பு: இருக்கிறது.
குக்கர் 1, வாணலி 1, பாத்திரம் 3: இருக்கின்றன.
தட்டு, டம்ளர், கத்தி: இல்லை.
குடிநீர்: கேனில் வாங்க வேண்டும்.
கடை, சந்தை: நடக்கும் தூரத்தில் உண்டு.

ஒரு போன் பேச்சு பாதிச் சுமையைக் குறைத்துவிட்டது. இருப்பதைத் தூக்கிச் செல்ல வேண்டாம். இல்லாததை மட்டும் எடுத்தால் போதும்.

கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்

"பத்து கிலோ அரிசி எடுத்துக்க லட்சுமி. போன இடத்துல குறையக் கூடாது" என்றார் கன்னியம்மா.

"கணக்குப் போட்டுப் பார்க்கலாம் அத்தை" என்றார் லட்சுமி.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி. ஐந்து பேருக்கு 500 கிராம், அதாவது அரை கிலோ. ஒரு நாளைக்கு இரண்டு வேளை சோறு. மூன்று நாளைக்கு 6 வேளை. ஆக, 3 கிலோ அரிசி போதும்.

பருப்பு நாள் ஒன்றுக்கு கால் கிலோ. மூன்று நாளைக்கு முக்கால் கிலோ. காலை உப்புமாவுக்கு ரவை ஒரு கிலோ. சாம்பார்ப் பொடி, மஞ்சள்தூள், கடுகு, புளி ஆகியவை சின்னப் பொட்டலங்களாக. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் லட்சுமி பெயர் எழுதி ஒட்டினார்.

எண்ணெயை எடுக்கவில்லை. பையில் ஒழுகினால் துணியெல்லாம் பாழாகும். காய்கறி, பால், எண்ணெய், மீன் எல்லாம் அங்கேயே வாங்கலாம். கன்னியாகுமரி கடற்கரை ஊர். மீனுக்குப் பஞ்சமில்லை.

வழிச் சாப்பாடு

பங்காருப்பேட்டையில் இரவு ரயில் ஏற வேண்டும். மறுநாள் பிற்பகல்தான் கன்னியாகுமரி வரும். இடையில் காலையும் மதியமும் சாப்பிட வேண்டும்.

காலைக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. மதியத்துக்குப் புளிச்சோறு. தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அது சீக்கிரம் கெட்டுவிடும். சோறு நன்றாக ஆறிய பிறகே டப்பாவை மூடினார்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, ஊசிப் போகும்.

ஸ்டவ் வேண்டாம்

மூட்டைகள் தயாராயின. அப்போது கன்னியம்மா ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டு வந்து வைத்தார்.

"இதையும் வை. ரயில்லயே காப்பி போட்டுக்கலாம். உங்க மாமா இருந்தப்ப வேளாங்கண்ணிக்கு இதைத்தான் தூக்கிட்டுப் போனோம். ஒண்ணும் ஆகல" என்றார்.

லட்சுமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அத்தை, மதுரையில நடந்தது ஞாபகம் இருக்கா? பேப்பர்ல வந்துச்சே."

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி அது நடந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களின் ரயில் பெட்டி மதுரையில் நின்றிருந்தது. விடியும் நேரம். பெட்டிக்குள் விதியை மீறி கேஸ் சிலிண்டர் கொண்டு வந்திருந்தார்கள். அதனால் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களும் குடும்பத்தோடும் சொந்தபந்தத்தோடும் ஊர் பார்க்க வந்தவர்கள்தான்.

கன்னியம்மா ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆயா, நம்ம வீட்டுல அடுப்பு எரியுது. அதே அடுப்பு ரயில்ல எரியக் கூடாதா?" என்று குமார் கேட்டான்.

ரேவதி அவனுக்கு விளக்கினாள்.

"வீட்டுல தீப்பிடிச்சா வெளியே ஓடலாம். ஓடுற ரயில்ல இருந்து குதிக்க முடியுமா? பெட்டி முழுக்க ஆள். வழியெல்லாம் மூட்டை. காத்து வேற வீசும். கேஸ் கசிஞ்சா அது காத்தை விடக் கனம். தரையோட தங்கிடும். ஒரு பொறி பட்டாப் போதும்."

ரயிலில் கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பெட்ரோல், பட்டாசு போன்றவற்றைக் கொண்டு போவது குற்றம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவு இதற்குத் தண்டனை சொல்கிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பெட்டியில் உள்ள மின் இணைப்பு செல்போன் போன்ற சிறு கருவிகளுக்குத்தான். அதில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலை மாட்டக் கூடாது.

கன்னியம்மா ஸ்டவ்வைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். "காப்பியை ஸ்டேஷன்ல வாங்கிக் குடிச்சுக்கலாம்" என்றார். தீப்பெட்டியையும் லட்சுமி வெளியே எடுத்து வைத்தார். அதையும் அங்கேயே வாங்கலாம்.

கைப்பையில் வைக்க வேண்டியவை

பெரிய பை இருக்கைக்கு அடியில் போய்விடும். அவசரத்துக்குக் கைக்கு எட்டாது. ஆகவே சில பொருள்களைக் கைப்பையில் வைத்தார்கள்.

டிக்கெட், அசல் அடையாள அட்டை, பணம் ஆகியவை முதலில். பிறகு கன்னியம்மாவின் மாத்திரைகள். பயணம் ஐந்தாறு நாள்தான். ஆனாலும் பத்து நாளைக்கான மாத்திரை எடுத்தார்கள். ரயில் தாமதமாகலாம். அதே மாத்திரை வெளியூரில் கிடைக்காமல் போகலாம். மருந்துச் சீட்டையும் சேர்த்து வைத்தார்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைப் பொட்டலம், அதாவது ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நான்கு. இதில் கவனம் வேண்டும். சில பொட்டலங்களை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். சில பொட்டலங்களை 200 மில்லி நீரில் கரைக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும். லட்சுமி படித்துப் பார்த்தார். அவர்கள் வாங்கியது ஒரு லிட்டருக்கானது.

பொட்டலம் இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு

வாடகை வீட்டில் லட்சுமி முதலில் சமையல் அறைக்குப் போனார். கேஸ் வாடை வருகிறதா என்று பார்த்தார். ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, சன்னலைத் திறக்க வேண்டும். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

மூன்று நாளும் கன்னியம்மாதான் மீன் குழம்பு வைத்தார். உப்பு அளவாகப் போட்டார். கடலைப் பார்த்தார்கள். மழையில் குடை பிடித்து நடந்தார்கள். புறப்படும்போது லட்சுமி நோட்டைப் பார்த்துச் சாமான்களை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. நோட்டில் கடைசியாக ஒரு வரி எழுதினார். "தேவைப்படாதவை: மூன்று சேலை, இஸ்திரிப் பெட்டி."

கன்னியம்மா சிரித்தார். "அடுத்த தடவை நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

நினைவில் வையுங்கள்

1. தங்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.
2. ஆள், நாள், வேளை கணக்குப் பார்த்து எடுங்கள்.
3. மருந்தும் டிக்கெட்டும் கைப்பையில் இருக்கட்டும்.
4. அடுப்பு, சிலிண்டர், மண்ணெண்ணெய் ரயிலில் வேண்டவே வேண்டாம். யாராவது கொண்டு வந்தால் 139 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? நான்கு நாள் பயணத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும்? கணக்குப் போடுங்கள்.
2. ரயிலில் அடுப்பு ஏன் கூடாது? இரண்டு காரணம் எழுதுங்கள்.
3. உங்கள் அடுத்த பயணத்துக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.