அடுத்த வீட்டுக்கு எந்த வழி?

அன்புள்ள செல்வி,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. கானாங்கெளுத்தியின் செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே வெளிறிய நிறத்தில், கால்களை மடக்கிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அம்மா கத்தியால் நெம்பியும் லேசில் வரவில்லை என்கிறாய். அந்த மீனைச் சாப்பிடலாமா என்பதற்கு முதலில் பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். அது மனித உடம்பில் ஒட்டி வாழாது. செவுளோடு பிய்த்து எறிந்துவிட்டு வழக்கம்போலக் குழம்பு வைக்கச் சொல்.

அது புழு இல்லை. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஐசோபோடு. கானாங்கெளுத்திச் செவுளில் இப்படிக் குடியிருப்பது பெரும்பாலும் நோரிலெக்கா இண்டிகா என்ற இனம். 1840இல் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விவரித்துப் பெயர் வைத்தார். சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறதல்லவா, அங்கே ரவிச்சந்திரன், ரமேஷ்குமார் முதலியோர் நம் கரை மீன்களில் இந்த ஐசோபோடுக் குடும்பத்தைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். 2011இல் இந்திய மீன்களில் காணப்படும் இந்த ஐசோபோடுகளின் முழுப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் கூடச் சேர்ந்தவர் ட்ரீய் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக்காரர்களோடு உங்கள் காரைக்காலுக்கு இருந்த கணக்கு 1954இல் முடிந்தாலும், நம் மீன்களோடு அவர்களுக்கு இருந்த கணக்கு முடியவில்லை போலும்!

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார். உடம்பு நேராக இல்லை, ஒரு பக்கமாகத் திருகியிருக்கிறது. செவுள் அறைக்குள் கிடக்கும் இடத்துக்கு ஏற்ப அப்படி வளர்கிறது. ஏழு ஜோடிக் கால். ஒவ்வொன்றின் நுனியும் கொக்கி. அம்மா நெம்பியும் வராததற்குக் காரணம் அதுதான். நீ பார்த்தது பெண். சின்னதாக இன்னொன்று பக்கத்திலோ எதிர்ச் செவுளிலோ இருந்திருக்கலாம், அது ஆண். இவை எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளர்கின்றன, பிறகுதான் பெண்ணாகின்றன. பெண்ணான பிறகு நீந்தும் திறன் போய்விடுகிறது. வயிற்றடியில் ஒரு பையில் முட்டையைச் சுமக்கிறது. குஞ்சுகள் அதிலிருந்து வெளியே நீந்திப்போய் வேறு மீனைத் தேடிக்கொள்கின்றன. கலிஃபோர்னியா வளைகுடாவில் இதன் சொந்தக்காரப் பிராணி ஒன்று மீனின் நாக்கையே தேய வைத்துவிட்டு, அந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்துகொள்கிறது. 1983இல் புருஸ்கா, கில்லிகன் என்ற இருவர் அதை எழுதினார்கள்.

இனி உன் மூன்றாவது கேள்வி. இரத்தம் உறிஞ்சும் பிராணி செவுளில் இருந்தும் மீன் எப்படிப் பிழைத்தது? நல்ல ஒட்டுண்ணி தன் ஓம்புயிரியைக் கொல்லாது என்று உங்கள் டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். டீச்சரிடம் சண்டைக்குப் போகாதே, ஆனால் அது பாதிதான் சரி. இந்த மீனுக்குப் பொருந்தும். நீந்தத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இந்த மீனை விட்டால் வேறு கதி இல்லை. மீன் செத்தால் அதுவும் சாகும், பையில் இருக்கும் முட்டையும் போகும். அதனால் செவுள் இழை வெளுத்து, தேய்ந்து, மீன் கொஞ்சம் நலிந்து, ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊரிலேயே கொஞ்சம் உள்ளே போனால் இதற்கு நேர்மாறானதைப் பார்க்கலாம். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் சம்பா வயலில் நடுக்குருத்து காய்ந்து நிற்பதையும், கதிர் வெளுத்துச் சாவியாகப் போவதையும் பார்த்திருப்பாய். தண்டு துளைப்பான் செய்கிற வேலை. அதன் தாய் அந்துப்பூச்சி இலை நுனியில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பின் பழுப்பு மயிரால் மூடி வைக்கிறது. அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்க வருகிறது டிரைக்கோகிரம்மா என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுமே என்று பயப்படாதே, நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் குஞ்சு அந்துப்பூச்சி முட்டையை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. மூன்று நான்கு நாளில் முட்டை கறுத்துவிடும். எட்டு, பத்து நாளில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு இறக்கையோடு குளவி வெளியே வரும். விவசாயிகள் வாங்கிக் கட்டும் ஒட்டுண்ணி அட்டை இதுதான்: அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இந்தக் குளவியை வளர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு சி.சி. அட்டையில் 18,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும். அதைத் துண்டுகளாக வெட்டி நெல் இலையின் அடிப்பக்கம் பொருத்துவார்கள்.

இந்தக் குளவி இரக்கமே காட்டுவதில்லை. அது குடியேறிய முட்டை ஒன்றுகூடத் தப்பாது. காரணம், அதன் குஞ்சுக்கு இறக்கை முளைக்கிறது. அடுத்த முட்டைக்கு அது தானே பறந்து போகும். பழைய வீடு நின்றால் என்ன, இடிந்தால் என்ன?

ஆக, ஒட்டுண்ணி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. அடுத்த வீட்டுக்கு அது எந்த வழியாகப் போகிறது என்று கேள். எவ்வளவு தீங்கு செய்யும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. 1982இல் ஆண்டர்சன், மே என்ற இருவர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த பெரிய சாட்சி ஆஸ்திரேலிய முயல்கள். அங்கே முயல் பெருகித் தொல்லை கொடுத்ததால் 1950இல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்தன. சில ஆண்டுகளில் வைரஸ் சற்று இளகியது, ஆனால் சாதுவாகிவிடவில்லை. நடுத்தரக் கொடுமையில் நின்றது. காரணம், அதைச் சுமந்து செல்வது கொசு. முயல் சீக்கிரம் செத்தால் கொசு கடிக்க ஆள் இல்லை. முயலுக்குப் புண்ணே வராவிட்டால் கொசுவின் வாயில் வைரஸ் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில்தான் அதன் பிழைப்பு.

இந்தக் கண்ணோடு யானைக்கால் நோயைப் பார். உன் ஆத்தா காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் தெருவுக்குத் தெரு வீங்கிய கால்கள் தெரியும். வூச்செரேரியா என்ற புழு மனிதனின் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. பெண் புழு நூல் போல, எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். அது குட்டி போடுவது லட்சக்கணக்கில். அந்த நுண்புழுக்கள் இரத்தத்தில் மிதக்கும். 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் அவற்றைக் கண்டார். 1877இல் சீனத்தில் பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடம்புக்குள் போய் வளர்வதைக் கண்டார். அதைவிட விந்தையானதையும் மேன்சன்தான் வெளியிட்டார். பகலில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் நுண்புழு கண்ணில் படுவதே அரிது. இரவு பத்து மணிக்கு மேல் எடுத்தால் துளிக்குத் துளி நெளியும். பகலெல்லாம் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கியிருந்துவிட்டு, கியூலெக்ஸ் கொசு கடிக்க வரும் நேரத்தில் தோலுக்கு அருகே வருகின்றன. சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வீடு வீடாக வந்து, தூங்குகிறவரை எழுப்பி விரல் நுனியில் இரத்தம் எடுத்ததற்கு இதுதான் காரணம்.

இது தற்செயல் இல்லையா என்று கேட்பாய். நிக்கோபாரில் நன்கவுரித் தீவுகளுக்குப் போ. அங்கே இதே இனப் புழுவைப் பரப்புவது பகலில் கடிக்கும் காட்டுக் கொசு. அங்குள்ள நுண்புழு பகலில்தான் இரத்தத்தில் அதிகம் தெரிகிறது! இந்தியாவில் அப்படி இருப்பது அந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டும்தான்.

புழு ஏறிய பலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அது உடம்பின் எதிர்ப்பை மட்டுப்படுத்தி வைக்கிறது. அழற்சியைக் கிளப்பும் சுரப்புகளைக் குறைக்கிறது. ஆள் நடமாட வேண்டும், கொசு கடிக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். நாளங்கள் கெட்டுக் கால் வீங்குவதால் புழுவுக்கு எந்த லாபமும் கிடையாது, நமக்குத்தான் நஷ்டம்.

அந்த மட்டுப்படுத்தலைச் சென்னையில் இப்போது நுணுகிப் பார்க்கிறார்கள். மருத்துவர் வி. மோகன், அரவிந்தன் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் சுபாஷ் பாபு குழு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழுவை எடுத்துக்கொண்டது. புழு இருக்கும் நீரிழிவுக்காரர்களிடம் அழற்சிச் சுரப்பு குறைவாக இருந்தது. மருந்து கொடுத்துப் புழுவை ஒழித்த பிறகு அது ஏறியது. இதைப் படித்துவிட்டு, புழு இருந்தால் சர்க்கரை வராது என்று தாத்தாவிடம் போய்ச் சொல்லிவிடாதே. புழு சுரக்கும் பொருளில் எது இந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்து மருந்தாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. புழுவையே வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது வோல்பாக்கியா. 1924இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவுக்குள் கண்ட பாக்டீரியா. இது காற்றில் பரவாது, கடியில் பரவாது. தாய்க் கொசுவின் முட்டை வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகும். ஆண் கொசு அதற்கு முட்டுச்சந்து. அப்படியானால் அது என்ன செய்யும் என்று நீயே ஊகித்துப் பார், பிறகு மேலே படி. ஆணின் விந்தைக் கெடுத்து வைக்கிறது. அந்த ஆண், வோல்பாக்கியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. இருக்கிற பெண்ணோடு சேர்ந்தால் பொரியும். தலைமுறைக்குத் தலைமுறை வோல்பாக்கியா சுமக்கும் பெண்களின் வம்சமே பெருகும். 1967இல் ஹான்னெஸ் லாவன் என்ற ஜெர்மானியர் பர்மாவில் ரங்கூன் அருகே ஒரு கிராமத்தில் இப்படிப் பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டு, அங்கிருந்த கியூலெக்ஸை ஒழித்துக் காட்டினார்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் இது இயற்கையில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் புகுத்தினால், அந்தக் கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடிவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியானது. உங்கள் யூனியன் பிரதேசத்தின் தலைநகரிலேயே, புதுச்சேரி இந்திரா நகரில், 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை, ராஜகோபாலன் இயக்குநராக இருந்தபோது, சாக்கடையையும் தேங்கிய நீரையும் சீர்செய்து யானைக்கால் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டியவர்கள் அவர்கள்தான். இரண்டு வகை வோல்பாக்கியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை நம் ஊர்க் கொசுவோடு கலந்து, இரண்டு வம்சங்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தார்கள்.

இன்னும் ஒன்று. யானைக்கால் புழுவுக்குள்ளும் ஒரு வோல்பாக்கியா இருக்கிறது. அங்கே அது ஒட்டுண்ணியே இல்லை, கூட்டாளி. அது இல்லாமல் புழுவால் குட்டி போட முடியாது. டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரம் தொடர்ந்து கொடுத்தால் பாக்டீரியா செத்து, புழு மலடாகி, பிறகு மெல்ல மடிகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது, நாளும் அதிகம் பிடிக்கும். அதனால் ஊருக்கே கொடுக்க ஏற்றதாக இல்லை.

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்டாய். தெர்மோகோலில் எரிமலை செய்யாதே, போதும் அந்த எரிமலை! கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு யாராவது தெரிந்தவர் வயலுக்குப் போ. இலை நுனியில் பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியல் தெரியும். அந்தத் துண்டு இலையைக் கிள்ளி, ஒரு குவியலுக்கு ஒரு சோதனைக் குழாய் என்று போட்டு, வாயைப் பஞ்சால் இறுக்கி அடை. குளவி மிகச் சின்னது, இடைவெளி இருந்தால் போய்விடும். குழாயில் தேதியும் வயலின் பெயரும் எழுது, பூச்சிமருந்து அடித்த வயலா என்றும் குறித்துக்கொள். பத்து நாள் தினமும் பார். எத்தனை புழு வந்தது, எத்தனை குளவி வந்தது என்று எண்ணு. குளவி எந்த இனம் என்று தெரியாவிட்டால் செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, பூச்சியியல் துறையில் போய்க் கேள். மருந்து அடித்த வயலையும் அடிக்காத வயலையும் தனித்தனிப் பட்டியலாகப் போட்டு, பொங்கலுக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா